தாளுக்குள் பொருத்து

எங்கள் அறையில் மொத்தமே இரண்டு பேர்தான். அளவெடுத்து, வரைந்து, வெட்டுகிறவள் நான். ஜன்னலோரத் தையல் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு ‘நூல்கண்டு’ என்று பெயர் வைத்ததும் நான்தான். சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டாள். எனக்கு ‘கத்தரி’ என்று ஆஸ்பத்திரியே சேர்ந்து பெயர் வைத்திருக்கிறது. கையிலிருக்கும் கத்தரிக்கோலுக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

தீக்காயம் பட்டவர்களுக்கான இறுக்க உடைகளை நாங்கள் தைக்கிறோம். தீப்பட்ட தோல் ஆறும்போது சும்மா ஆறாது. தடித்து, திரண்டு, விரலை உள்பக்கமாக இழுத்து மடக்கிவிடும். அதை அமுக்கி வைப்பதற்காக, இழுபடும் துணியில் விரல் நுனி வெளியே தெரிகிற கையுறை, கைச்சட்டை, முகமூடி எல்லாம் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் போட்டிருக்க வேண்டும். எடுத்த அளவில் தைத்தால் பிரயோஜனம் இல்லை, வேண்டுமென்றே குறைத்து வெட்டுவோம். குறைத்தது போதாவிட்டால் விரல் மடங்கிப்போகும், கூடிவிட்டால் ரத்தம் ஓடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். பதினான்கு வருடமாக அந்த இடத்தைத் தவறவிட்டதில்லை என்று எனக்குத் திமிர் இருந்தது.

அந்தத் திமிர் போன கதைதான் இது.

ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ‘உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம்’ என்று கீழே ஒரு வரி. நான் கேட்டேனா? சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஆஸ்பத்திரி முழுக்கப் புது சிஸ்டம் ஏற்றிவிட்டார்கள். போன வாரம் வரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை எதற்காக நோண்ட வேண்டும் என்று ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வட்டம் முக்கால் மணி நேரம் சுற்றியது. அது நின்ற பிறகு ஆரம்பித்தது அக்கப்போர். நான் வரைகிற புரோகிராமின் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியிருந்தது. மவுஸ் அம்புக்குறி தானாக எகிறித் திரையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே வெயிலா மழையா என்று ஒரு பெட்டி வந்து வந்து சொன்னது. எனக்கு ஜன்னல் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரிண்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய், மறுநாள் ‘பிரிண்டர் நகல் 2’ என்ற பெயரில் திரும்பி வந்தது. புதன்கிழமை ‘நகல் 3’. நான் அதைத் திட்டத் திட்ட நூல்கண்டு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே தைத்தாள்.

கம்ப்யூட்டர் பிரிவில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். இடுப்பில் இரண்டு போன், கழுத்தில் அடையாள அட்டை, எந்நேரமும் ஓட்டமும் நடையும்தான். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரீஸ்டார்ட்’. ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?”

“மூணு தடவை பண்ணியாச்சு சார்.”

“நாலாவது தடவை பண்ணுங்க.”

“நாலாவதுல சாமி வந்து இறங்குமா?”

அவரும் சிரித்துவிட்டார். ஆள் கெட்டவர் இல்லை. நாலு மாடிக்கும் ஒருத்தராக அலைகிறார், பாவம். எழுத்துக் கட்டங்களைச் சரிசெய்தார். மவுஸை வேறு ஓட்டையில் சொருகினார். பிரிண்டரின் பழைய மென்பொருளை மட்டும் கைவிட்டுவிட்டார்.

“அது இதுல ஓடாது மேடம். புது சிஸ்டமே தானா ஒண்ணை எடுத்து வெச்சுக்குது. அதுவே போதும்.”

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பேப்பர் வெளியே வந்தது, கோடு தெளிவாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

இங்கே எங்கள் அறையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வரைகிற ஒவ்வொரு தாளின் மூலையிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். அச்சடித்து வந்ததும் அந்தக் கோட்டின் மேல் ஓர் அளவுப் பட்டையை வைத்துப் பார்ப்பேன். முனைக்கு முனை சரியாக உட்கார்ந்தால் கத்தரியை எடுப்பேன். உட்காரவில்லை என்றால் தாள் குப்பைக்குப் போகும். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடிப் பட்டை, புதுக் கம்ப்யூட்டருக்காக மேசைகளை நகர்த்திச் சுத்தம் செய்தபோது எங்கோ போய்விட்டது. கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். சரி, இதற்குப் போய் யாரிடம் கெஞ்சுவது என்று நானே புதுப் பட்டை ஒன்று செய்தேன். சென்டிமீட்டர் கோடுகளை வரைந்து, அச்சடித்து, அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அழகாக ஆணியில் மாட்டினேன். நூல்கண்டுகூடத் தொட்டுப் பார்த்து “நல்லா இருக்கே” என்றாள்.

அன்றிலிருந்து அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் பட்டை முனைக்கு முனை கச்சிதமாக உட்கார்ந்தது. நானும் வெட்டினேன்.

பதினோராவது வேலை நாள். காலை ஒன்பதரை இருக்கும். வெல்டர் வந்தாள்.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டிங் செய்கிறவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எரிவாயுக் குழாய் பிடுங்கிக்கொண்டு வலது கை முழுவதும் வெந்துபோய் வந்தவள். புதுச் சிஸ்டம் வந்த மறுநாள்தான் அவளுக்குக் கையுறை வெட்டினேன். நாலு நாள் கழித்து வந்து “நெரிக்குது” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இறுக்கமாத்தான்மா இருக்கும். பொறுத்துக்கணும். எல்லாரும் பொறுத்துக்கறாங்கல்ல?” என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பாட்டுதான். அவள் போடாமல் விட்ட இரண்டு நாளைக்கு நர்ஸ் ஒரு குறிப்பு எழுதினாள்: ‘ஒத்துழைக்கவில்லை’. அப்படி இரண்டு குறிப்பு சேர்ந்தால் ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது எங்கள் பிரிவின் மேலாளர் கொண்டுவந்த விதி. காத்திருக்கிறவர்கள் நிறைய என்று காரணம் சொல்வார். பட்டியலிலிருந்து போனால் கையுறை கிடையாது, கையுறை இல்லாவிட்டால் விரல் மடங்கும், மடங்கிய விரலில் வெல்டிங் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வந்தவள் என் மேசை மேல் கையுறையைப் போட்டாள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் வரை ஒரே வெட்டு.

“வெட்டிட்டேன்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார் நின்றிருந்தாள். ஒற்றைக் கையால் கையுறை போட முடியாதென்று தினமும் காலையில் வந்து மாட்டிவிடுகிறவள் அவள்தான்.

“நான் சொன்னேன் மேடம், வேண்டாம்டின்னு சொன்னேன்” என்றாள் நாத்தனார். “எங்க கேட்டா? விரல் நுனியைப் பாருன்னா. பாத்தேன். வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. அப்புறம் நானே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணீங்களா?” என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அரை நாள் வேலை அது. “இப்ப நான் என்ன எழுதறது? இது ரெண்டாவது. பேரை எடுத்துடுவாங்க, தெரியுமில்ல?”

“எழுதுங்க” என்றாள் வெல்டர். “கையே போனப்புறம் பட்டியல்ல பேர் மட்டும் இருந்து என்ன?”

எழுதத்தான் போனேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. கம்ப்யூட்டரில் அவளுடைய பதிவைத் திறந்தேன். ‘உடை சேதம்: காரணம்’ என்று இருந்த இடத்தை அழுத்தினால் பட்டியல் விரிந்தது. மறதி. அலட்சியம். வலி தாங்காமை. எல்லாக் காரணமும் நோயாளியின் தலையில்தான். உடையில் கோளாறு என்று ஒரு வரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ‘வலி தாங்காமை’ மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன். அது எகிறி மூலைக்கு ஓடியது. மறுபடி இழுத்து வந்தேன். புரோகிராம் அப்படியே உறைந்து, ‘பதிலளிக்கவில்லை’ என்றது. அந்தப் பதினோரு நாளில் அந்த மிஷின் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

நான் மேசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெல்டர் சுவரில் மாட்டியிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையுறைக்கு வரைந்த தாளும் அங்கே இருந்தது.

“இந்த மூலைல என்ன கோடு?”

“பத்து சென்டிமீட்டர். அளவு சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு.”

“பாத்தீங்களா?”

“பாக்காம வெட்டுவேனா?” என்று பட்டையை எடுத்துக் கோட்டின் மேல் வைத்துக் காட்டினேன். முனைக்கு முனை. “போதுமா?”

அவள் இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்தாள். பட்டறைக்காரர்கள் பேனா வைத்துக்கொள்வது போல அதை வைத்திருப்பார்கள் போல. கோட்டின் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் என் பட்டையின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“இந்தப் பட்டையை எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. நான்தான் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.”

“எதுல பிரிண்ட் எடுத்தீங்க?”

என் கண் தானாகப் பிரிண்டர் பக்கம் போனது. அவளும் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்தாள். தையல் மிஷின் சத்தம் நின்றது.

“ஒம்பது புள்ளி ஆறு” என்றாள் வெல்டர். “கோடும் ஒம்பது புள்ளி ஆறு, பட்டையும் ஒம்பது புள்ளி ஆறு. பட்டறைல நான் இப்படி ஒரு வேலை பண்ணியிருந்தா, மேஸ்திரி என்னை அங்கயே நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பார்.”

அவள் கேட்காமலே எனக்கு அப்படித்தான் இருந்தது. வேண்டுமென்றே குறைத்து வரைந்ததை, அந்தப் பிரிண்டர் நூற்றுக்கு நாலு வீதம் மறுபடியும் குறைத்திருக்கிறது. அதே பிரிண்டரில் அச்சடித்த பட்டையை வைத்து அதையே நான் சரிபார்த்திருக்கிறேன். தைத்த பிறகாவது தெரிந்திருக்காதா என்றால், இழுபடும் துணியை டேப் வைத்து அளக்கவே முடியாது. போட்டுக்கொண்டவர் சொன்னால்தான் உண்டு. அவள் வந்து சொன்னாள். நான் பொறுத்துக்கொள் என்றேன்.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றேன்.

“மன்னிப்பு அப்புறம். முதல்ல இதைச் சரிபண்ணுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ரீஸ்டார்ட்டை போனில் கூப்பிட்டேன். “சார், வாங்க. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா போனைத் தூக்கி அடிச்சிடுவேன்.” ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். ஸ்கேலைக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன். மனிதர் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“முதல்ல உங்க புரோகிராம் தப்பா, பிரிண்டர் தப்பா, நான் ஏத்தின சிஸ்டம் தப்பான்னு பிரிக்கணும்” என்றார்.

வரவேற்பறையில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் புதுச் சிஸ்டம் ஏற்றவில்லை. வரைந்த கோப்பை அங்கே கொண்டுபோய், அங்கிருந்து எங்கள் பிரிண்டருக்கே அனுப்பினார். வந்த தாளில் கோடு பத்து. மயிரிழை கூடக் குறையவில்லை. ஆக, புரோகிராம் மேலும் தப்பில்லை, பிரிண்டர் மேலும் தப்பில்லை. என் மேசைக்குத் திரும்பி வந்து பிரிண்டர் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். ‘தாளுக்குள் பொருத்து.’

“இதுதான்” என்றார். “தாளோட ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு அதுவா எல்லாத்தையும் கொஞ்சம் சுருக்கிடுது. கடிதம் அடிக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.”

“நான் கடிதமா அடிக்கிறேன்?”

டிக்கை எடுத்தார். அச்சடித்தோம். பத்து. நாத்தனார் கைதட்டினாள். ரீஸ்டார்ட்டும் பழக்க தோஷத்தில் “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடலாம்” என்று பண்ணிவிட்டார். திரும்பத் திறந்தால் டிக் மறுபடியும் அங்கே உட்கார்ந்திருந்தது. எடுத்தோம், ரீஸ்டார்ட், வந்தது. எடுத்தோம், ரீஸ்டார்ட், வந்தது. தினமும் காலையில் மிஷினைத் திறக்கும்போதெல்லாம் இதேதான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவர் முகம் செத்துப்போய்விட்டது.

“பதினோரு நாளா நானே உங்களை இதைப் பண்ணச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“என் பட்டைக்கு நீங்க ஒண்ணும் பண்ணல சார். அந்தப் பங்கு என்னோடது. நீங்க வழியைப் பாருங்க.”

அவர் விடவில்லை. பழைய மென்பொருளை எங்கிருந்தோ தேடி எடுத்தார். புதுச் சிஸ்டம் அதை உள்ளே விடமாட்டேன் என்றது. அதற்கு அனுமதி வேண்டும், இதற்குக் கடவுச்சொல் வேண்டும் என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தியது. “பாத்துடலாம் நீயா நானான்னு” என்று அவர் சட்டைக் கையை மடித்துவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புதிதாகத் தானாக வந்து ஒட்டிக்கொண்டதைப் பிடுங்கி எறிந்து, அது திரும்ப வரமுடியாதபடி தடுத்து, பழையதை ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்தோம். ஐந்து முறையும் கோடு பத்து.

வெல்டருக்குப் புதிதாக அளவெடுத்தேன், அச்சடித்தேன், வெட்டினேன். நூல்கண்டு மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கையுறை தயார். நாத்தனார் மாட்டிவிட்டாள். விரல் நுனியை அழுத்தி எடுத்தேன். வெளுத்து, உடனே சிவந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். அப்போதும் சிவப்புத்தான்.

“இதுவும் இறுக்கமாத்தான் இருக்கு” என்று வெல்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “ஆனா இது பிடிக்குது. அது நெரிச்சுது.”

அந்த நேரத்தில் மேலாளர் உள்ளே வந்தார். ரீஸ்டார்ட் அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், சொல்லத்தான் வேண்டும். மேலாளர் சத்தம் போடுகிறவர் இல்லை. எதையும் பூசி மெழுகுவதில் கைதேர்ந்தவர். வந்ததும் வெல்டரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

“உங்க மேல எழுதின குறிப்பை நான் எடுத்துடறேன்மா. உங்க இடத்துக்கு ஒரு குறையும் வராது. இதோட முடிஞ்சுது. சரியா?”

“மத்தவங்களுக்கு?” என்றேன் நான்.

“எந்த மத்தவங்க?”

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். புதுச் சிஸ்டம் வந்த நாள் முதல் முப்பத்தொரு உடை வெளியே போயிருக்கிறது. இவளை விட்டால் முப்பது. “எல்லாமே சின்னது சார். எல்லாருக்கும் இப்பவே போன் பண்ணிக் கழட்டச் சொல்லணும்.”

கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். “இங்க பாருங்க. மாற்றம் வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. மூணு வாரத்துல அவங்கள்லாம் எப்படியும் மறுபரிசோதனைக்கு வருவாங்க. அப்ப ஆளுக்கு ஒண்ணு புதுசா கொடுத்துடுவோம். யாருக்கும் தெரிய வேண்டாம். நாலு மில்லிமீட்டருக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?”

“உங்க சட்டைக் காலரை நூத்துக்கு நாலு குறைச்சு நான் தைச்சுத் தரேன் சார். மேல் பட்டனைப் போட்டுக்கிட்டு இருபத்துமூணு மணி நேரம் இருங்க. மூணு வாரம் கழிச்சு வந்து சொல்லுங்க.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். போன் பண்ணினா உங்க தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“ஆமா. என் தப்புதான். ஒத்துக்கிட்டேன். இப்ப பண்ணலாமா?”

“நான் வேண்டாம்னு சொல்றேன்” என்றார். முதல் முறையாகக் குரல் கொஞ்சம் ஏறியது. “இது உத்தரவுன்னு வெச்சுக்குங்க. மீறினா அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை.”

எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். பதினான்கு வருட வேலை. வீட்டில் இரண்டு பேர் என் சம்பளத்தில் படிக்கிறார்கள்.

வெல்டர் எழுந்தாள். “சார், எனக்கு மட்டும் சரிபண்ணிட்டா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுவேன்னு நினைச்சீங்களா? என் குறிப்பை நீங்க ஒண்ணும் எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். வெட்டினேன்னும் எழுதிக்குங்க, அதுல என்ன பொய்? ஏன் வெட்டினேன்னு மட்டும் கீழ எழுதுங்க.”

“அதுக்கு சிஸ்டத்துல இடம் இல்லம்மா” என்றார் மேலாளர்.

“அப்ப இடம் பண்ணுங்க” என்றாள் நாத்தனார்.

நூல்கண்டு மிஷினை விட்டு எழுந்து வந்தாள். மேலாளரைச் சுற்றிக்கொண்டு போய், அலமாரி மேலிருந்த போனை எடுத்து, என் முன்னால் வைத்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீ பேசு. நான் நம்பரை வாசிக்கிறேன்” என்றாள். அவள் அந்த அறையில் அத்தனை தீர்மானமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து பயம் வரும்?

“சார், உங்க உத்தரவைக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க” என்றேன். “கழட்டச் சொல்லாதேன்னு நீங்க சொன்னதா எழுதுங்க. நான் போனைத் தொடமாட்டேன்.”

அவர் எழுதவில்லை. கதவருகே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் ஸ்பீக்கரைப் போட்டு முதல் எண்ணை அழுத்தினேன்.

முதலில் எடுத்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கைச்சட்டை வாங்கியவர். நான் விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, “மேடம், மன்னிச்சுக்குங்க. நான் அதைப் போடவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மட்டும் படிக்கட்டுல நின்னு மாட்டிக்கிட்டு வருவேன். பொய் சொல்லிட்டேன்” என்றார்.

“நல்லவேளை சார் பொய் சொன்னீங்க” என்றேன்.

இரண்டாவது ஒரு சமையல்காரர் மனைவி. புருஷனுக்குத் தெரியாமல் ஓரத் தையலை ஒரு விரற்கடை பிரித்துவிட்டாளாம். அவளும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நாலாவது ஆள், ஐந்தாவது ஆள், ஏழாவது ஆள், எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். தப்பு செய்தவள் நான், மன்னிப்புக் கேட்டது அவர்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒவ்வொருத்தரிடமும் “தப்பு உங்களோடது இல்லை, என்னோடது, நான்தான் அளவு பிசகி வெட்டினேன், கழட்டுங்க, நாளைக்கே வாங்க, புதுசு தரேன்” என்று சொன்னேன். நூல்கண்டு பெயருக்கு எதிரே நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தாள். மேலாளர் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பன்னிரண்டாவது எண் ஒரு பஸ் டிரைவருடையது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போய்க் கொதிக்கிற தண்ணீர் அடித்து இரண்டு கையும் வெந்தவர். இரண்டு கையுறை. போனை அவர் மனைவி எடுத்து அவர் காதில் வைத்தாள்.

“நல்லா இருக்கேம்மா” என்றார். சந்தோஷமான குரல். “நீங்க சொன்னபடியே இருக்கேன். பொறுத்துக்கணும்னு சொன்னீங்கள்ல? ஒரு நிமிஷம்கூடக் கழட்டல. குளிக்கறப்பகூட மேல கவர் கட்டிக்கறேன்.”

“விரல் எப்படி இருக்கு ஐயா?”

“முதல்ல ரொம்ப வலிச்சுது. இப்ப ஒண்ணும் தெரியல. ரெண்டு நாளா மரத்துக் கிடக்கு. பழகிடுச்சு போல. காலைல பாத்தேன், நுனியெல்லாம் கொஞ்சம் நீலமா இருந்துச்சு. மருந்துதான் ஒட்டியிருக்கும்னு விட்டுட்டேன்.”

நூல்கண்டின் பேனா நின்றுவிட்டது. “ஐயா, கழட்டுங்க. இப்பவே. போனை வைக்காதீங்க, பேசிக்கிட்டே கழட்டுங்க.”

அந்தப் பக்கம் ஜிப்பை இழுக்கிற சத்தம் வரவில்லை.

“ஐயா?”

“கழட்டலாமாம்மா?” என்றார் மெதுவாக. “கழட்டினா ஒத்துழைக்கலைன்னு எழுதிட மாட்டீங்களே?”

மேலாளர் சுவரிலிருந்து நிமிர்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துத்தான் பேசினேன், அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி.

“எழுதுவேன் ஐயா. நான் தப்பா வெட்டினேன்னு எழுதுவேன். வலிக்குதுன்னு சொன்னதை நாங்க காதுல போட்டுக்கலைன்னு எழுதுவேன். உங்களைப் பத்தி ஒரு எழுத்துகூட யாரும் எழுத மாட்டாங்க. எழுத விடமாட்டேன். கழட்டுங்க.”

ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஏதோ சொன்னாள், அழுதாள். இன்னொரு ஜிப். “கழட்டிட்டேன்மா” என்றார் டிரைவர். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

“கையை மேல தூக்கி வெச்சுக்குங்க ஐயா. வண்டி வருது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மேலாளர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

“நிக்காதீங்க சார். வண்டி அனுப்புங்க” என்றேன்.

அவர் தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நூல்கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிமூன்றாவது எண்ணை வாசித்தாள்.